நாலேகால் டெய்லர்

உலகத்தில் எந்த ஏர்போர்ட்டிலிருந்து எந்த ஏர்போர்ட்டுக்கு எவ்வளவு தூரம், பறந்து போக எவ்வளவு நேரம் என்று கேட்டாலும், வாயில் கவ்வியிருக்கும் குண்டூசியை எடுத்துவிட்டு ஒரே நிமிஷத்தில் பதில் சொல்லக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் பைலட் இல்லை. விராலிமலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கிறார். விமானத்தில் ஏறியது கிடையாது. பக்கத்திலிருக்கும் திருச்சி ஏர்போர்ட்டையே வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறார். அதுவும் ஒரு கல்யாண வேன் வழி தவறிப் போனபோது.

அவரைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. காரணம், ஒன்பது வருஷம் அவர் கடைக்கு நேர் எதிர்க் கடை என்னுடையது. ‘பஸ், ரயில், விமான டிக்கெட்டுகள் இங்கே பதிவு செய்து தரப்படும்’ என்று ஆறடி போர்டு. கம்ப்யூட்டர், பிரிண்டர், சுழல் நாற்காலி, சுவரில் விமானம் போட்ட காலண்டர் எல்லாம் என்னிடம். கூட்டம் மட்டும் அவரிடம். என்னிடம் டிக்கெட்டை வாங்கி, நாலாக மடித்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, ரோட்டைத் தாண்டிப் போய், “எத்தனை மணி நேரம்ண்ணே?” என்று அவரைக் கேட்பார்கள். நான் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

போகிறவனுக்கே இல்லாத அக்கறை வீட்டிலிருப்பவர்களுக்கு ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். வீட்டிலிருந்து ஒருவர் பயணம் கிளம்பினால், அவர் போய்ச் சேருகிற வரைக்கும் வீட்டைக் கூட்டக் கூடாது. மதுரைக்குப் போனால் இரண்டு மணி நேரம், சென்னைக்குப் போனால் ஆறு மணி நேரம், இது எல்லோருக்கும் மனப்பாடம். சிங்கப்பூருக்குப் போனால்? போன் வந்ததும் கூட்டலாம்தான். ஆனால் அந்த ஊர் வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து, வைஃபை கிடைத்து அவன் கூப்பிடுவதற்குள் இங்கே விளக்கு வைக்கும் நேரம் வந்துவிடும். விளக்கு வைத்தபின் கூட்டக் கூடாது என்பது இன்னொரு வழக்கம். இந்த இரண்டு வழக்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பெண்கள்தான் டெய்லருடைய வாடிக்கையாளர்கள். ஆவூர் மாதாகோயில் பக்கத்துப் பெண்களும் இதில் விதிவிலக்கு இல்லை. ஜெபமாலையை எடுப்பார்கள், விளக்குமாற்றை எடுக்க மாட்டார்கள்.

உண்மையைச் சொன்னால், இந்த வேலை முதலில் என்னிடம்தான் வந்தது. நான்தான் கெடுத்துக்கொண்டேன்.

கடை திறந்த புதிது. ராசாத்தி அக்கா மகனுக்குச் சிங்கப்பூர் டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். எத்தனை மணி நேரம் என்று அக்கா கேட்டார். டிக்கெட்டைப் பார்த்தேன். காலை பத்து மணிக்குக் கிளம்பி மாலை நாலே முக்காலுக்குச் சேருகிறது. விரல் விட்டு எண்ணி, “ஆறே முக்கால் மணி நேரம்க்கா” என்றேன். பக்கத்திலேயே பொடி எழுத்தில் சரியான நேரம் போட்டிருந்ததாம். பொடி எழுத்தைப் படிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

மகன் கிளம்பிய அன்றைக்கே, மூன்று மணிக்கு மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். வீடு முழுக்க அட்டைப்பெட்டித் துண்டு, சணல் கயிறு, வழியனுப்ப வந்த சொந்தக்காரர்கள் உரித்துப் போட்ட கடலைத் தோல். நாலே முக்கால் வரைக்கும் கூட்டக் கூடாதே! மாப்பிள்ளை வீட்டார் கடலைத் தோல் நொறுங்க நடந்து வந்து, சணல் கயிற்றின்மேல் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். சாயங்காலம் மகன் போன் செய்து, “நான் ரெண்டேகாலுக்கே எறங்கிட்டேன்மா” என்றிருக்கிறான்.

மறுநாள் அக்கா போகிற டிக்கெட், வருகிற டிக்கெட் இரண்டையும் கொண்டுவந்து என் மேஜையில் அறைந்தார். வருகிற டிக்கெட்டில் அங்கே ஆறு மணிக்குக் கிளம்பி இங்கே ஏழே முக்காலுக்கு இறங்குகிறது.

“ஏன் தம்பி, போறதுக்கு ஆறே முக்கா மணி நேரம், வாரதுக்கு ஒண்ணே முக்கா மணி நேரமா? ரெண்டும் ஒரே ஆகாசந்தானே?”

கடை வாசலில் பத்துப் பேர் நிற்கிறார்கள். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“போறப்ப மேடுக்கா. வாரப்ப எறக்கம்” என்றேன்.

அப்போதுதான் கழுத்தில் இஞ்சு டேப்போடு எதிர்க் கடைக்காரர் ரோட்டைத் தாண்டி வந்தார். கையில் ஒரு உலக உருண்டை. என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

“அக்கா, அங்கிட்டு கடியாரம் நம்மளவிட ரெண்டரை மணி நேரம் முந்தி ஓடுது. ஆறே முக்கால்ல ரெண்டரை போனா நாலேகாலு. வாரப்ப ஒண்ணே முக்கால்ல ரெண்டரையைச் சேத்துக்கங்க. அதுவும் நாலேகாலு. டேப் வச்சாலும் அதேதான் வருது, பாருங்க.”

டேப்பை வைத்துக் காட்டினார். பத்துப் பேரும் எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கு வந்த பெயர்தான் நாலேகால். ரேஷன் கார்டில் வேறு ஏதோ பெயர் இருக்கும். அதைக் கேட்டால் இப்போது போஸ்ட்மேனுக்கும் தெரியாது.

அந்தச் சம்பந்தம் நின்றுபோயிருந்தால் என் பாவம் என்று விட்டிருப்பேன். நிற்கவில்லை. மகன் போய்ச் சேருகிற வரைக்கும் மானத்தைப் பார்க்காமல் குப்பையோடு இருந்த வீடு நல்ல வீடுதான் என்று மாப்பிள்ளையின் அம்மாவே சொல்லிவிட்டார். குப்பைக்குக் காரணம் நான். கல்யாணப் பத்திரிகையை முதலில் வைத்தது நாலேகாலுக்கு.

அந்த உருண்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய சாமான் கடையில் கிடந்த பள்ளிக்கூடத்து உருண்டை. ஸ்டாண்டு உடைந்துபோனதால் வெட்டுத் துணியைச் சுருட்டிச் சும்மாடு செய்து அதன்மேல் உட்கார வைத்திருந்தார். திருச்சி இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசி குத்திக் குத்தி ஓட்டையே விழுந்துவிட்டது. தஞ்சாவூர், மதுரை எல்லாம் அந்த ஓட்டைக்குள் போய்ப் பல வருஷம் ஆயிற்று. டேப் நுனியை ஓட்டையில் அழுத்தி, போகிற ஊருக்கு இழுப்பார். ஒரு இஞ்சுக்கு ஆயிரத்து அறுபது கிலோமீட்டர். வந்ததை எண்ணூறால் வகுத்து, ஏற ஒரு கால் மணி, இறங்க ஒரு கால் மணி சேர்ப்பார். மேற்கே போனால் எதிர்க்காற்றுக்குக் கொஞ்சம் கூடுதல்.

“அது எதுக்குண்ணே?” என்று ஒருமுறை மடக்கப் பார்த்தேன்.

“தையலுக்குத் துணி விடுறதில்லையா தம்பி? அதுமாரிதான்.”

இப்படி ஒரு பதில் எனக்கு வராது. யோசித்தால்கூட வராது.

சிங்கப்பூரில் ஒரு மகன், துபாயில் ஒரு மகன் என்று ஓரகத்திகள் இரண்டு பேர் ஒருநாள் வந்தார்கள். யார் பிள்ளை அதிக தூரத்தில் கஷ்டப்படுகிறான் என்று ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நாலேகால் கிழக்கே ஒருமுறை, மேற்கே ஒருமுறை டேப்பை வைத்தார். “ரெண்டும் ரெண்டே முக்கா இஞ்சு, கொஞ்சம் சொச்சம். நூல் அளவுதான்த்தா வித்தியாசம்” என்றார். இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் ஏறிப் போனார்கள். அந்த இரண்டு டிக்கெட்டும் நான் போட்டவை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அவர் தப்பே செய்யாதவர் இல்லை. ஆவூர் டீச்சர் ஒருவர் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டே, மகன் கோலாலம்பூர் போகிற நேரத்தையும் கேட்டிருக்கிறார். நாலேகால் இரண்டு அளவையும் ஒரே சீட்டில் எழுதிவிட்டார். கோலாலம்பூர் இரண்டரை இஞ்சு. டீச்சர் ஜாக்கெட்டின் கை நீளமும் இரண்டரை இஞ்சு. முப்பது வருஷம் ஒழுக்கம் சொல்லிக் கொடுத்த டீச்சர் அதைக் கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு அதிர வந்தார். தீர்ந்தான் மனுஷன் என்று நான் நாற்காலியை வாசலுக்கே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

“இதை நான் எப்படிங்க போடுறது? பள்ளிக்கூடத்துக்கா, கடற்கரைக்கா?”

“மன்னிச்சுக்கங்க டீச்சர். அது கோலாலம்பூர்.”

டீச்சர் ஒரு நொடி ஜாக்கெட்டைப் பார்த்தார். “அப்ப என் மகனுக்கு எத்தனை மணி நேரம்?” என்றார்.

“நாலுக்கு உள்ளதான் டீச்சர். பத்து மணிக்குக் கெளம்புனா ரெண்டு மணிக்குக் கூட்டிரலாம்.”

“அப்ப சரி” என்று அந்த ஜாக்கெட்டை மகளுக்கு என்று பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் ஒரு பெயரில் ஒரு எழுத்தை மாற்றி அடித்துவிட்டால் போதும், குடும்பமே திரண்டு வந்து கடையில் உட்கார்ந்துகொள்ளும்.

அவரை ஒரே ஒரு தடவையாவது தப்பு என்று நிரூபிக்க வேண்டும். எனக்கு அந்த ஒன்பது வருஷத்தில் இருந்த லட்சியம் இதுதான். போனில் விடையைப் பார்த்து வைத்துக்கொண்டு ஒருநாள் போனேன். “சாண்டியாகோவுலேர்ந்து சிட்னிக்கு எவ்வளவு நேரம்ண்ணே?” அவர் உருண்டையைத் தலைகீழாகப் புரட்டி, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, டேப்பை வளைத்து, “பத்தே முக்கா இஞ்சுக்கு ஒரு நூல் கொறச்சல். பதினாலே முக்கா மணி நேரம் வரும்” என்றார். போனில் இருந்ததும் ஏறக்குறைய அதுதான். அதோடு விட்டிருக்கலாம் அவர்.

“யாரு தம்பி போறா?”

“யாரும் போகல. சும்மா கேட்டேன்.”

“யாரும் போகலயா?” அவர் முகம் வாடிவிட்டது. “போகாத ஊருக்கு வழி கேக்குறீங்களே தம்பி. அங்கிட்டு ஒரு வீடு கூட்டாம கெடக்குமேன்னு அவசரமாப் பாத்தேன்.”

நீங்களே ஒருதடவை ஏறிப் பார்த்தால் என்ன என்று அவரைக் கேட்காதவர்கள் இல்லை. எல்லோருக்கும் ஒரே பதில்தான். “அளவு எடுக்குறவன் சட்டையைப் போட்டுப் பாக்குறதில்லைங்க.” இதற்குக் கூட்டம் சிரிக்கும். நான் சிரிக்க மாட்டேன். ஏனென்றால் நானும் ஏறியதில்லை. அத்தனை டிக்கெட் போட்டுக் கொடுத்தவன், ‘ஜன்னல் ஓரம் வாங்கிக்குங்க, இறக்கைப் பக்கம் வேண்டாம்’ என்று யோசனை சொன்னவன், விமானத்துக்குள் காலை வைத்ததில்லை என்பது என் மனைவிக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

அந்த மனைவியும் எனக்குத் துரோகம் செய்தாள். மகள் சிங்கப்பூரில். பிரசவத்துக்கு இவள் முன்னால் கிளம்பினாள். டிக்கெட் போட்டது நான். விமான நேரத்தை நெட்டுருப் போட்டுச் சொன்னதும் நான். ஏர்போர்ட்டுக்குப் போகக் காரில் ஏறுகிற நேரத்தில் ரோட்டைத் தாண்டிப் போய், “அண்ணே, இவரு எத்தனை மணிக்கு வீட்டைக் கூட்டலாம்?” என்று அவரைக் கேட்டுவிட்டு வந்தாள்.

“ரெண்டேகாலுக்கு மேல கூட்டச் சொல்லுங்க தங்கச்சி.”

அவளை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தவனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. என் வீட்டை எப்போது கூட்டுவது என்று சொல்ல அவர் யார்? பன்னிரண்டு மணிக்கு விளக்குமாற்றை எடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து தொடாத விளக்குமாறு. உள்ளறையிலிருந்து வாசல் வரைக்கும் கூட்டித் தள்ளினேன்.

இரண்டேகால் ஆயிற்று. மூன்றேகால் ஆயிற்று. போன் வரவில்லை. வழக்கத்தில் நம்பிக்கை இல்லாதவன்தான் நான். அதை மூன்றரை மணிக்கு நினைவுபடுத்திக்கொள்ள முடியவில்லை. செருப்புகூடப் போடாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

“அண்ணே, நேரத்துக்கு முன்னாடியே கூட்டிட்டேன்ணே.”

மிஷினை நிறுத்தினார். “கூட்டி, குப்பையை அள்ளிட்டீங்களா?”

“இல்ல. வாசப்படி ஓரத்துல குமிச்சு வச்சிருக்கேன்.”

“அப்ப ஒண்ணும் ஆகல. அள்ளுனாத்தான் கூட்டுனதாக் கணக்கு” என்று எழுந்து என்னோடு வீட்டுக்கு வந்தார். குவியலைச் சுற்றிவந்து பார்த்தார். பிறகு விளக்குமாற்றை வாங்கி, நான் மூன்று அறையிலிருந்து கூட்டிச் சேர்த்த குப்பையைப் பழையபடி மூன்று அறையிலும் பரப்பினார். சமையலறைக்குப் போக வேண்டிய வெங்காயத் தோல் எது என்று என்னைக் கேட்டுக் கேட்டுப் போட்டார். கடைசித் தோலைப் போட்டு நிமிர்கிறார், போன் அடிக்கிறது. வைஃபை கிடைக்க நேரமாகிவிட்டதாம் அவளுக்கு.

“வீட்டைக் கூட்டிட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

“நாலேகால் மணி நேரம் எப்பவோ தாண்டிருச்சே, என்னதான் பண்ணுறீங்க அங்க?”

இந்தக் கதையை அவர் கடைவீதியில் ஒருவரிடமும் சொல்லவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் ஆலங்குடி வரைக்கும் சொல்லியிருப்பேன். பெருந்தன்மையிலும் என்னை முந்திவிட்டாரே என்று அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

பேத்தி பிறந்தாள். தீபாவளிக்கு முந்தின வாரம், என் முறை வந்தது. பயம் ஒருபக்கம் இருந்தாலும் உள்ளுக்குள் ஒரே குதூகலம். அளவு எடுக்கிறவர் இங்கேயே இருப்பார், சட்டையைப் போட்டுப் பார்க்கப் போகிறவன் நான்! வீட்டைப் பூட்டிக்கொண்டு பெட்டியோடு அவர் கடை வாசலில் நின்று, “போயிட்டு வாரேண்ணே” என்றேன். கடைக்குள் தீபாவளித் துணி மலையாகக் கிடந்தது. “நல்லபடியாப் போயிட்டு வாங்க தம்பி. நாலேகாலு” என்றார். பார்த்துவிடலாம் என்று மனதில் சொல்லிக்கொண்டேன்.

விமானம் தரையை விட்டதும் போனில் ஸ்டாப்வாட்சை அமுக்கினேன். மேலே ஏறும்போது பக்கத்துச் சீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டது பற்றி இங்கே எழுதப் போவதில்லை. நாலு மணி ஆயிற்று, நாலேகால் ஆயிற்று, இறங்கவில்லை. மேகத்துக்குமேல் வட்டம் போடுகிறது. இன்னும் ஒரு வட்டம் போடு ராசா என்று வேண்டிக்கொண்ட ஒரே பயணி நானாகத்தான் இருப்பேன். சக்கரம் தரையைத் தொட்டபோது நாலு மணி முப்பத்தைந்து நிமிஷம். இருபது நிமிஷம் தப்பு! ஒன்பது வருஷம் காத்திருந்த இருபது நிமிஷம். வரிசையில் ஒரு மணி நேரம் நின்றபோதும் கால் வலிக்கவில்லை. எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். ‘அண்ணே, டேப்பு பழசாயிருச்சு போல’ என்று ஆரம்பிப்பதாக முடிவு செய்தேன்.

வெளியே மகளும் மருமகனும், பேத்தியைத் தூக்கிக்கொண்டு மனைவியும் நின்றார்கள். பேத்தியை நீட்டினாள். “ஒரு நிமிஷம் இரு” என்று மருமகன் போனை வாங்கி நாலேகாலுக்குப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“தம்பி, எறங்கிட்டீங்களா?”

“எறங்கிட்டேன்ணே.”

“எறங்கிட்டாராம்! எறங்கிட்டாராம்!” என்று அங்கே யாரிடமோ கத்தினார். பின்னால் நாலைந்து பெண்கள் குரல். “அப்பாடா, அந்த வெளக்கமாத்தை எடுங்க அண்ணே, கால் வைக்க எடமில்ல” என்று ஒருத்தி சொல்வது தெளிவாகக் கேட்டது.

“என்னண்ணே அங்க?”

“ஒண்ணுமில்ல தம்பி. காலையிலேர்ந்து கடையைக் கூட்டல. வெட்டுத் துணி முழங்காலு வரைக்கும் ஏறிப்போச்சு. தீபாவளி நேரமா, எல்லாரும் வையுறாங்க.”

“நீங்க எதுக்குண்ணே கூட்டாம இருக்கீங்க?”

“ஒங்க வீடுதான் பூட்டிக் கெடக்கே. பூட்டுன வீடு கூட்டாம இருக்குறது கணக்குல சேராது தம்பி. ஆளுன்னு ஒருத்தர் இருந்து கூட்டாம இருக்கணும்ல? நாலேகால்லயே கூட்டியிருக்கலாம். ஒங்க கொரலைக் கேட்டுட்டுக் கூட்டுவோம்னு இருந்தேன். ஆமா, எவ்வளவு நேரம் ஆச்சு?”

ஸ்டாப்வாட்ச் என் இன்னொரு கையில் இருந்தது. நிறுத்தி வைத்த எண் அப்படியே நின்றது.

“நாலேகால்ண்ணே” என்றேன். “நிமிஷம் பிசகல.”

“ஆகா!” என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு எனக்கு மறுபடியும் பொறாமை வந்தது. கண்ணிலும் ஏதோ வந்தது.

விராலிமலைப் பக்கம் இந்தப் பத்திரிகையை வாங்குகிறவர்கள் யாராவது இருந்தால் ஒரு வேண்டுகோள். அது நாலு மணி முப்பத்தைந்து நிமிஷம் என்று தயவுசெய்து அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.